கிளி மட்டும் யார்?

வசந்தகுமாரிக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்துவிட்டால் மீதியும் தெரியும்வரை சோறு இறங்காது. திருச்சியில் இயற்பியல் படித்து, கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவர் அவர். ரஷ்ய எழுத்துகளில் சில ஏன் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திரும்பி நிற்கின்றன என்று ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள மாலை வகுப்பில் சேர்ந்து ரஷ்யனே கற்றுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சந்தேகம் அவருக்கு இருபத்தெட்டு வருஷம் சம்பளம் வாங்கிக் கொடுத்தது.

ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை. சோவியத் நாட்டிலிருந்து வந்த இயந்திரங்களின் கையேடுகளை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். அங்கிருந்து வல்லுநர்கள் வந்தால் அவர்களுக்கும் நம் அதிகாரிகளுக்கும் நடுவில் நின்று பேச வேண்டும். கையேட்டில் ஒரு சொல் புரியவில்லை என்றால் அவர் ஊகித்து எழுத மாட்டார். பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போவார். அதிகாரி குதித்தாலும் வட்டம் அழியாது. ஊகித்துத் திருகிய திருகு வெடிக்கும் என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து, 2005இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டுக்குச் சுதர்சன் வந்தான். சைனிக்புரியில் குடியிருந்துகொண்டு மாதாப்பூரில் மென்பொருள் வேலை பார்ப்பவன். தமிழ்ச் சங்கத்துக்குப் புதுச் செயலாளர். கையில் நாற்பது பக்கம் வைத்திருந்தான்.

“ஆன்ட்டி, சங்கத்துப் பீரோவை ஒழிச்சோம். அங்கிள் எண்பத்துநாலுல எழுதின சர்க்கஸ் நாடகம் கிடைச்சுது. வெள்ளி விழாவுக்கு அதையே போடப் போறோம்.”

வசந்தகுமாரி திரும்பிக் கணவர் ஜகதீசனைப் பார்த்தார். அந்த நாடகம் அரங்கேறியபோது வசந்தகுமாரி மாஸ்கோவில் நான்கு மாதப் பயிற்சியில் இருந்தார். திரும்பி வந்து கேட்டதற்கு, கேன்டீன் வேலைநிறுத்தத்தைக் கிண்டலடித்ததாக நினைத்துத் தங்கள் தொழிற்சாலை நிர்வாகம் தனக்கு மெமோ கொடுத்துவிட்டது என்றும், பிரதி தொலைந்துபோனது என்றும் ஜகதீசன் சொல்லியிருந்தார். இருபத்தொரு வருஷமாகத் தொலைந்திருந்த பிரதி இதோ டீ மேஜையில் கிடக்கிறது. ஜகதீசன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு சோவியத்னா ஒரு மண்ணும் தெரியாது, ஆன்ட்டி. எந்த மிருகம் யாரு, பின்னாடி இருக்கற ஹிஸ்டரி என்னன்னு விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகணும்.”

“எழுதினவர் இங்கயே உட்கார்ந்திருக்காரே, அவரைக் கேளேன்.”

“நக்கோ, வேண்டாம் சாமி!” என்றது செய்தித்தாள். “நான் மிருகத்தைப் பத்தித்தான் எழுதினேன். சரித்திரமெல்லாம் அவ டிபார்ட்மெண்ட்.”

அன்று சமையல் ஒப்புக்குத்தான் நடந்தது. சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லும் துணிவு ஜகதீசனுக்கு இல்லை.

நாடகம் லேசுப்பட்டதல்ல. கூடுதல் தீனி கேட்டு மனுவோடு போன மிருகங்களைக் கூடார முதலாளி துப்பாக்கியால் சுடுகிறான். வசந்தகுமாரி உடனே பக்கத்தில் குறித்தார்: 1905 ஜனவரி, அரண்மனைக்கு மனு கொண்டுபோன தொழிலாளர்கள். பிறகு முதலாளி விரட்டப்படுகிறான்: 1917, ஜார். சாட்டையை எரிக்கலாம் என்கிறது குதிரை. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று பெட்டியில் வைக்கிறது கரடி. சாட்டை ரகசியப் போலீஸ். கரடி யார் என்று குழந்தைக்கும் தெரியும். வாய் ஓயாத சிறுத்தையைக் கூடாரத்தை விட்டே துரத்துகிறார்கள். ட்ராட்ஸ்கியேதான்.

கடல்சிங்கங்கள்தான் அவரை இரண்டு நாள் அலைக்கழித்தன. முதலாளியை விரட்டியபோது முன்னால் நின்றவை அவை. பிறகு “சொன்ன சொல் என்னாயிற்று?” என்று கேட்டதும் அவற்றின் குளத்தை உறைய வைத்து, மேலே நடந்து போய் அடிக்கிறார்கள். தன்னிடமிருந்த மலிவுவிலை சோவியத் புத்தகங்களை எல்லாம் புரட்டினார். ஊரூராக வேனில் வைத்து விற்ற புத்தகங்கள் அவை. அவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. தெருமுனை பிரவுசிங் சென்டரில், பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து தேடியபோதுதான் கிடைத்தது. க்ரோன்ஸ்டாட் கடற்படை வீரர்கள், 1921 மார்ச், உறைந்த கடல்மேல் நடந்துவந்த ராணுவம். “ஹவ், அதேதான்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். பக்கத்துப் பையன் தனக்குத்தான் பாஸ் மார்க் வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தான்.

புதன்கிழமைக்குள் எல்லா மிருகங்களும் பிடிபட்டன. கிளி மட்டும் பிடிபடவில்லை.

பக்கத்து ஊர் சர்க்கஸிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள். இரண்டு பாஷையும் கிளிக்குத்தான் தெரியும். விருந்தின் நடுவே ஒரு கிழ ஒட்டகம் கிளியின் காதில் ஏதோ சொல்லி அழுகிறது. கிளி விருந்தாளிகள் பக்கம் திரும்பி, “ஒட்டகத்தின் அப்பாவும் இங்கேதான் வேலை பார்த்தாராம்” என்கிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். ஒட்டகம் உண்மையில் என்ன சொன்னது என்பது நாடகத்தில் எங்குமே இல்லை.

கட்சிப் பத்திரிகையாக இருக்குமோ? பஞ்ச காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் செழிப்பு என்று எழுதிய வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களோ? எதுவும் ஒட்டவில்லை. அவர்களுக்குப் பயமோ லாபமோ இருந்தது. இந்தக் கிளிக்கு என்ன வந்தது? ‘கிளி’ என்று எழுதிப் பென்சிலால் வட்டம் போட்டார். வியாழக்கிழமை மதியம் அந்தக் காட்சியை ஐந்தாவது தடவை படித்தபோது, ஓரத்தில் பொடி எழுத்தில் நடிகருக்கான குறிப்பு கண்ணில் பட்டது: ‘கிளிக்கு யாரும் உத்தரவு போடவில்லை. விருந்து கெட்டுவிடக் கூடாதே என்று அதுவாகத்தான் நினைக்கிறது.’

விருந்து என்ற சொல்லைத் திரும்ப ஒரு தடவை படித்தார். பக்கங்களோடு எழுந்து போய்க் கணவர் எதிரே நின்றார்.

“இந்தக் கிளி யாருங்க?”

ஜகதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கெஸ்ட் ஹவுஸ் விருந்துதானே? எண்பத்துமூணு. ரஷ்ய எஞ்சினியர் அனடோலி.”

“ஆமா.”

“நான் மாஸ்கோவுல இருந்தப்போ, என்னை இங்க மேடையேத்தி ஊரையே சிரிக்க வெச்சிருக்கீங்க!”

“யாரும் சிரிக்கலை, குமாரி. அன்னிக்கு வீட்டுக்கு வந்து நீ ரெண்டு நாள் சாப்பிடலை. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினே. அதை வெச்சுக்கிட்டு நான் எங்க போறது? மிருக வேஷம் போட்டுச் சொன்னேன். ஒட்டகம் சொன்னதை மட்டும் எழுதலை. அது நீ சொல்ல வேண்டியது.”

வசந்தகுமாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. அவர் அதை மறந்திருக்கவில்லை. எடுத்துப் பார்க்காமல் இருந்தார், அவ்வளவுதான். கையேட்டில் ஒரு திருகைக்கூட ஊகிக்காத மனுஷி, எதிரே கண் கலங்க நின்றவரின் வாக்கியத்தைச் சிரித்த முகத்தோடு மாற்றிப் போட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, மிரட்டவுமில்லை. மேஜையில் புலாவ் ஆறிக்கொண்டிருந்தது, பெரிய அதிகாரி கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தார், அவ்வளவே காரணம்.

“விட்டுடு,” என்றார் ஜகதீசன் மெதுவாக. “கிளி, கட்சிப் பத்திரிகைன்னு எழுதிடு. யாருக்குத் தெரியப் போகுது?”

“அந்த அனடோலிக்குத் தெரியும். நான் சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க இல்லே? அவரும் கூடவே தட்டினாருங்க. தான் சொன்னதுக்குத்தான் கை தட்டறாங்கன்னு நினைச்சுட்டார்.”

வெள்ளிக்கிழமை சுதர்சன் வந்து வாசலில் நின்றபடியே தாளைப் படித்தான். கடைசிப் பத்திக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டான்.

“ஆன்ட்டி, உங்க பேரோட போட்டிருக்கீங்க. நிஜமாவே பிரிண்ட் பண்ணட்டுமா?”

“ஒரு எழுத்தும் மாத்தாம போடு.”

அந்தப் பத்தி இது:

“கிளி: மொழிபெயர்ப்பாளர் ஜ. வசந்தகுமாரி. ஒட்டகம்: அனடோலி என்ற பொறியாளர். 1983 பிப்ரவரியில் ஹைதராபாத்தில் அவர் என்னிடம் ரஷ்யனில் சொன்னது, இருபத்திரண்டு வருஷத் தாமதத்துடன்: ‘என் அப்பாவும் எங்கள் தொழிற்சாலையில்தான் கடைசல் வேலை பார்த்தார். 1937இல் ரகசியப் போலீஸார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. தொழிற்சாலைப் படத்தில் அவர் முகத்தை அழித்தார்கள். தோள்மேல் உட்கார்ந்திருந்த என்னை அழிக்க மறந்துவிட்டார்கள். இதை இவர்களிடம் சொல்லுங்கள். எங்கள் ஊரில் என்னால் சொல்ல முடியாது.’”