பன்னிரண்டு எழுத்துகள்

அந்தப் பள்ளியில் சர்வதேச டிப்ளமா படிக்கிற பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும் போதாது. சமூக சேவை செய்ததாகவும் எழுதிக் காட்ட வேண்டும். அதற்காக வெயிலில் அலைவானேன் என்று, மாடி வகுப்புகளைப் பெருக்கும் மாடியக்காவுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். பதினோரு ஆண்டில் பதினோரு பேர். ஒவ்வொருவரும் புது நோட்டோடு வந்து முதல் எழுத்திலிருந்துதான் தொடங்குவார்கள். பன்னிரண்டு உயிரெழுத்தும் முடிகிற நேரத்தில் பரீட்சை வந்துவிடும். அப்புறம் ஆளைக் காணோம்.

இந்த வருடத்துப் பெண்ணிடம் மாடியக்கா வாய்விட்டே கேட்டுவிட்டாள். "இதெல்லாம் எனக்குத் தெரியும் பாப்பா. இதுக்கு மேல சொல்லிக் குடேன்."

பெண்ணின் முகம் சுருங்கிப்போனது. "ஐயோ அக்கா, உங்களுக்கு எதுவுமே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேனே! முதல் நாள் போட்டோ வேற எடுக்கணும். ப்ளீஸ், கொஞ்சம் கோணலா எழுதுங்க."

மாடியக்கா கோணலாக எழுதினாள். இரண்டு மாதம் கழித்து நேராக எழுதினாள். அதையும் படம் எடுத்துக்கொண்டு பெண் பரீட்சைக்குப் போய்விட்டாள்.

இப்போது இரண்டு படங்களும் தலைமையாசிரியர் அறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. கீழே ஒரு பக்கத்துக்கு என்னவோ எழுதியிருக்கிறது. அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைப்பவள் மாடியக்காதான். தெரிந்த எழுத்து அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படும், அவ்வளவுதான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், அந்தப் பக்கமாக வந்த ஆசிரியரை நிறுத்தினாள்.

"சார், என்னைப் பத்தி என்ன சார் போட்டிருக்கு?"

அவர் நடந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு நல்லாப் படிக்க வந்துடுச்சுன்னு போட்டிருக்கும்மா."