பந்து இறங்காத ஞாயிற்றுக்கிழமை

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் எண்ணெய் ஆலைக்குப் போகும் லோரியில் செம்பனைக் குலை ஏற்றுவதுதான். பெரிய குலை அடியில், சின்னக் குலை சந்தில். குலையில் முள் உண்டு, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். ஒருமுறை எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "இவன் ஏத்துனா காத்துகூட உள்ள போகாது" என்றார். அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டு முடி நரைக்கும்வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

அப்புறம் முழங்கால் போனது. வீட்டில் உட்கார்ந்தேன். மனைவி டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்தாள். எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டேன். அடுத்த வாரமே அவளே நாலு இடத்தில் சொல்லி வைத்து எனக்கு வேலை தேடிவிட்டாள்.

கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் கோல்ஃப் பழகும் திடல் ஒன்று இருக்கிறது. ஆட்கள் வரிசையாக நின்று புல்வெளியைப் பார்த்துப் பந்தை அடிப்பார்கள். அடித்த பந்தை வேறொருவன் போய்ப் பொறுக்க வேண்டும். இதற்குக் காசும் கட்டுகிறார்கள்.

மேனேஜர் நம் தமிழ்ப் பிள்ளைதான். என் மகளைவிடச் சின்னவள்.

"மூனு மாசம் பாப்போம் அங்கிள். சரியா வந்தா பெர்மனென்ட்."

எனக்கு அந்த வேலை வேண்டும். இந்த முழங்காலுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காது. அது எனக்கும் தெரியும், முழங்காலுக்கும் தெரியும்.

வேலை சின்னது. பந்தைக் கழுவ வேண்டும். ஓர் இரும்புப் பெட்டியில் கொட்ட வேண்டும். பெட்டி மேலே அகலம், கீழே புனல்போலக் குறுகும். வருகிறவர் டோக்கன் போட்டால் கூடையில் பந்து விழும். "கொட்டுங்க, மூடியப் போடுங்க. அவ்வளவுதான்" என்று அவள் காட்டிக் கொடுத்தாள். அப்படியே செய்து வந்தேன். மூன்றாவது மாதம் முடியப்போகும்போது என் புத்தி சும்மா இருக்கவில்லை.

அன்று சனிக்கிழமை. "நாளைக்குக் கூட்டம் வரும் அங்கிள். போன வாரம்மாதிரி பெட்டி காலியாகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெட்டி நிறையக் கொட்டிவிட்டு உள்ளே பார்த்தேன். எங்கே பார்த்தாலும் சந்து. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் சந்து. தகரத்தின் ஓரத்தில் இன்னும் மோசம். தகரம் நேராக நிற்கிறது, பந்து உருண்டை, எப்படி ஒட்டும்? லோரி ஏற்றிய கைக்கு அது பொறுக்கவில்லை. ரப்பர் சுத்தியலால் பெட்டியைச் சுற்றித் தட்டினேன். பந்தெல்லாம் குலுங்கி ஒரு சாண் இறங்கியது. இன்னொரு வாளி கொட்டினேன். மூன்று பந்து சேரும் குழியில் நாலாவதை உட்கார வைத்தேன். விளக்குமாற்றுக் கட்டையால் ஓரத்தைக் குத்தினேன். இன்னும் ஒரு வாளி. மூடிமேல் உட்கார்ந்துதான் அதைச் சாத்த முடிந்தது. மண்டோர் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலையில் பெட்டி காலியாகவே இல்லை. அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

முதலில் வந்தவர் செகிஞ்சானில் நெல் வயல் வைத்திருக்கும் சீனப் பெரியவர். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். டோக்கன் போட்டார். மெஷின் உறுமியது. பந்து வரவில்லை. இன்னொன்று போட்டார்.

"தம்பி, இது டோக்கன் மட்டும் சாப்பிடும், ஒன்னும் போடாது லா."

குனிந்து கீழே பார்த்தேன். குறுகிய வாயில் மூன்று பந்து தோளோடு தோள் முட்டி நின்றன. மொத்தப் பெட்டியையும் அந்த மூன்றுதான் தூக்கிப் பிடித்திருந்தன. மேலிருந்து கட்டையால் குத்தினேன். குத்தக் குத்த இன்னும் இறுகின. என் கைவேலை, அப்படித்தான் இருக்கும்.

மேனேஜர் ஓடி வந்தாள். பின்னால் வரிசை நீண்டுவிட்டது.

"என்ன அங்கிள், ஜேம் ஆயிருச்சா? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு. என்ன பண்ணீங்க?"

"சந்து இல்லாம அடுக்குனேம்மா."

"அடுக்குனீங்களா? பந்தையா?"

"ரெண்டு வாளி கூடப் புடிச்சிச்சு" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை.

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அங்கிள், அது கீழ விழணும். அதுக்குத்தான் அந்தப் பெட்டி."

வேறு வழியில்லை. முக்காலிமேல் ஏறி மூடியைத் திறந்து, கையால் அள்ளி ஒவ்வொருவருக்கும் கூடை நிரப்பினேன். பெரியவர் மறுபடி வந்தார். டோக்கனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, இது எங்க போட? வாயிலயா?"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். முழங்கால் சிரிக்கவில்லை.

பாதிப் பெட்டி இறங்கியதும் கீழ்த் தகட்டைக் கழற்றி, விரலை விட்டு அந்த மூன்றில் ஒன்றை நெம்பினேன். அவ்வளவுதான். மிச்சப் பந்து மொத்தமும் என் மடியில் விழுந்து, தரையில் ஓடி, கார் நிறுத்தும் இடம்வரை போனது. கோல்ஃப் அடிக்க வந்தவர்கள் கார்களுக்கு அடியில் பந்து தேடினார்கள்.

சாயங்காலம் அவள் ஆபீசுக்குக் கூப்பிட்டாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

"அங்கிள், இனிமே மெஷின் பக்கம் வராதீங்க."

"சரிம்மா" என்று திரும்பினேன்.

"எங்க போறீங்க? முழுசாக் கேளுங்க லா. பந்து பொறுக்குற வண்டிக்கு ஆள் இல்ல. உக்காந்தே ஓட்டலாம். ஓட்டுவீங்களா?"

"பெர்மனென்டா?"

"பெர்மனென்ட்தான். அதுல எதையும் அடுக்க முடியாது. அதான் உங்களுக்குக் குடுக்கிறேன்."

இப்போது அந்த வண்டியைத்தான் ஓட்டுகிறேன். சுற்றிலும் கம்பிக் கூண்டு, நடுவில் நான். நான் திடலில் இருக்கும்போதும் அவர்கள் அடிப்பதை நிறுத்துவதில்லை. வாரம் முழுக்க குறிக்காகத் திடலில் நட்ட கொடி ஒன்றைக்கூடத் தொடாதவர்கள் என் கூண்டைத் தப்பாமல் அடிக்கிறார்கள். டங் என்று கேட்கும். கம்பி இருக்கிறது, மேலே படாது என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிகிறேன். குனிந்துவிட்டு வண்டியை அடுத்த வரிசைக்குத் திருப்புகிறேன்.