ராக்காயி கிளம்பிய காலைகள்

இன்று காலை எதிர்வீட்டு இஸ்திரிப் பெட்டியிலிருந்து கரிப்புகை மூக்கில் ஏறியதும், திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த கீற்றுக் கொட்டகையும், சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரி டிரம்மைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடிய அப்பாவின் பழைய வாடகைக் காரும் அப்படியே கண்முன் வந்து நின்றன. அந்தக் காருக்கு அப்பா வைத்த பேர் ராக்காயி. அது எங்கள் அம்மாவின் பேர்.

அப்பா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஊர் ஆண்கள் எல்லோரையும் போல “இந்தா” என்பதோடு சரி. ஆனால் விடிந்ததும் டிரம்மில் கரி கனன்று, கொட்டகை முழுக்கப் புகை மண்டி, இலுப்பூர் போகிறவர்கள் பின்னால் நின்று தள்ள, நான் சீட்டில் எகிறிக் குதிக்க, அப்பா தெருவே கேட்கக் கத்துவார்: “வாடி ராக்காயி! என் தங்கமில்ல, கெளம்புடி!”

“எந்த ராக்காயிய மாமா கூப்பிடுறீங்க?” என்பார் தள்ளுகிறவர்களில் ஒருவர்.

“எவ மொதல்ல வாராளோ அவளத்தான்!”

“மானத்த வாங்காதீங்க!” என்று அடுப்படியிலிருந்து அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் கத்துவாள். அதற்குள் கார் உறுமிக்கொண்டு கிளம்பிவிடும். எல்லோரும் ஓவென்று கூச்சல் போடுவோம்.

கொட்டகையும் காரும் போய் வருஷங்களாகிவிட்டன. அம்மா போய் இன்றோடு பதினாறு நாள். அப்பா அவள் பேரைச் சொல்லி ஒரு தடவைகூட அழவில்லை; துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

புகை வாடை அவருக்கும் எட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நம்ம கார எப்புடிப்பா கெளப்புவீங்க?”

அப்பா துண்டை எடுத்தார். தெருவே கேட்கக் கூப்பிட்டார்.