பத்தாவது ஆள்

கோயமுத்தூர் பார்த்து, பொள்ளாச்சி பார்த்து, பாலக்காட்டுச் சித்தூரும் பார்த்துச் சலித்த படத்தை 'இன்று முதல்' என்று போஸ்டர் ஒட்டி ஓட்டுவதுதான் சி கிளாஸ் தியேட்டர் தொழில். கேரள எல்லைக்குள், தமிழ் பேசும் எருத்தேன்பதிப் பக்கம் அப்படி ஒரு தியேட்டரில் அதை மூடும்வரை நான் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது அங்கே உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். கடையைத் திறந்து வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பத்துப் பேர் சேராமல் படம் ஓடாது. முதலாளி பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர். கடைசி வருடம் அந்தச் சட்டத்தை இன்னும் இறுக்கினார். ஒரே ஒரு மேட்னி ஆளில்லாமல் நின்றாலும், மறுநாளே உரக்கடைக்காரர் கையில் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. டிக்கெட் கொடுக்கும் பாப்பாத்தியக்காவுக்கும் தெரியாது.

தலைக்கணக்கு

மேட்னிக்கு மணி அடிக்கும் முன் முதலாளி தினமும் போனில் ஆள் எத்தனை என்று கேட்பார். ஒருநாள் ஒன்பதில் நின்றுவிட்டது. ஒன்பதாவதாக வந்தவள் நிறைமாதக்காரி. வீட்டில் கரண்ட் இல்லை, ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டும் என்று புருஷனோடு வந்திருந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு பாப்பாத்தியக்கா அவளை மேலும் கீழும் பார்த்தது. பொய் சொல்லிவிடாதே என்று நான் சைகை காட்டினேன். பொய்க்குப் பயந்தேனா, மாட்டிக்கொள்வதற்குப் பயந்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அக்கா பொய்யே சொல்லவில்லை.

"ஒம்பது பேரு வந்து உக்காந்துட்டாங்க மொதலாளி, பத்தாவது ஆளு வகுத்துக்குள்ள இருக்குதுங்க."

வெள்ளம் வந்த மேட்னி

எங்கள் ஊர்க் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் மத்தியானத்தில்தான் தண்ணீர் வரும். அன்றைக்கு ஒரு பெண்பிள்ளையும் படத்துக்கு வரமாட்டாள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பஞ்சாயத்தில் குழாய் திறந்துவிடுகிறவர் ஒற்றப்பாலத்து மலையாளி. திறந்ததும் எங்கள் கதவருகே வந்து ஒரு குரல் கொடுக்கச் சொன்னேன். சம்மதித்தார். பெண்களும் நம்பி வந்தார்கள். பஞ்சாயத்து பேசுவது மலையாளம் என்பதால், குழாயில் வருவதை எங்கள் பெண்களும் வெள்ளம் என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

அப்படி ஒருநாள் தாராபுரத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்த எட்டுப் பேர், விருந்து முடிந்த கையோடு உள்ளே வந்திருந்தார்கள். படம் பாதி ஓடும்போது கதவு திறந்தது. "வெள்ளம் வந்நூ" என்றார் அவர். பெண்கள் எழுந்து விடுவிடுவென்று வெளியே போனார்கள். தாராபுரத்துக்காரர்கள் அணை உடைந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார்கள். மூன்று பேர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார்கள். மீதிப் பேர் மாடிப்படி ஏறி என் ஆபரேட்டர் அறைக்குள் புகுந்தார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான் என்று நான் விளக்கி முடித்ததும், அதில் பெரிய மீசைக்காரர் என் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ஏனுங்க, ஒரு கொடம் தண்ணிக்கு இத்தாப் பெரிய பேரு எதுக்குங்க?"

முன்னும் பின்னும்

இது என் தவறு. அறையின் ஓட்டை வழியாக ஆள் எண்ணிக்கொண்டே ரீல் மாட்டியதில், எட்டாவது ரீல் நாலாவதற்கு முன்னால் போய்விட்டது. கதாநாயகன் சாகிறான், ஊரே அழுகிறது, அடுத்த நிமிடம் மாமன் மகளோடு ஆடுகிறான். கல்லடி விழும் என்று காத்திருந்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. பதினைந்து வருடம் இவர்களுக்காகவா அத்தனை கவனமாகப் படம் ஓட்டினேன் என்று மனம் கசந்தது. படம் விட்டதும், தினமும் வரும் தென்னந்தோப்புக் குத்தகைக்காரர் ஒருவர் மட்டும் என்னைப் பார்த்து நின்றார்.

"செத்தும் அவனுக்குப் புத்தி வரலீங்க, மறுபடியும் பொண்ணு பாக்கக் கெளம்பிட்டான்."

முதலாளி வந்த மேட்னி

பக்கத்து ஊரில் தேர். எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். அன்றைக்கென்று முதலாளியே சாவிக்கொத்தோடு வந்திருந்தார். உரக்கடைக்காரர் வெளியே காரில் இருந்தார். பாப்பாத்தியக்கா டிக்கெட் புத்தகத்தை மூடிவிட்டது. அதிகம் பேசாத நான்தான் முன்னால் போய், "நீங்க உள்ள வந்து உக்காந்தா பத்துங்க மொதலாளி" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் சட்டத்தை மதிக்கிறவர். டிக்கெட் வாங்கிக்கொண்டார். தன் தியேட்டரில் அவர் ஒரு படம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. திரை நன்றாகத் தெரியட்டும் என்று நடுவரிசையில் உட்காரவைத்தேன்.

பிழைத்துவிட்டோம் என்று நிம்மதியாக ரீல் மாட்டினேன். இடைவேளையில் அவர் இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தார். நாற்காலி ஸ்பிரிங் கிழித்த வேட்டியை ஒரு கையால் மறைத்திருந்தார். கழுத்தில் மூட்டைப்பூச்சி கடித்த தடிப்பு. கோபப்படவில்லை. காருக்குப் போய் உரக்கடைக்காரர் கையில் சாவியை வைத்துவிட்டு, என்னிடம் திரும்பி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"ஆறுச்சாமி, இத்தனை வருசமா ஜனங்கள இதுலயாடா உக்கார வெச்சோம்?"

ஆள் வராததால்தான் தியேட்டரை மூடினார்கள் என்று ஊர் சொல்கிறது. வந்த ஓர் ஆளால்தான் மூடினார்கள் என்பதும், அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது யார் என்பதும் எனக்கல்லவா தெரியும்.