கூட யாரும்மா வந்திருக்காங்க?

கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி பௌர்ணமியில் போய் விழுந்தது. திருவண்ணாமலைக்காரர்கள் பௌர்ணமியன்று எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை. பக்தி காரணமில்லை, தெருவைத் தாண்ட முடியாது. ஆனால் டாக்டருக்கு அந்த வாரம் வேறு நாள் இல்லை.

கணவர் போய் ஏழு வருஷம். பிள்ளை இல்லை. இருப்பது ஒரே தம்பி, கீழ்பென்னாத்தூரில். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் என்று சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கு உண்டு, இங்கேயும் சொல்லிவிட்டேன். காலை ஏழு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன் என்றவன், ஒன்பது மணிக்கு அடி அண்ணாமலையிலிருந்து போன் செய்தான். கிரிவலம் வருகிறவர்களுக்கு மாதாமாதம் அங்கே அன்னதானம் செய்கிறான்.

"ஆயிரம் பேருக்கு சாம்பார் சாதம்க்கா. சமையலுக்கு ஆளு கம்மியா வந்திருக்காங்க. விட்டுட்டு வந்தா பாவம். நீ பயப்படாத, அண்ணாமலையார் கூட இருப்பாரு."

ஊருக்கெல்லாம் சோறு போடுகிறவனைத் திட்டவும் முடியாது. அன்னதானத்தில் அப்படி ஒரு வசதி இருக்கிறது.

அண்ணாமலையார் கூட இருப்பார் என்று ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள், சொன்ன கையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்கள். நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் மலையைப் பார்த்தபடி, "தினமும் தரிசனம், குடுத்து வெச்சவங்க நீங்க" என்பார்கள். சாயங்காலம் பூட்டைத் திறந்து இருட்டு வீட்டுக்குள் போகிறவளுக்கு மலை எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று கேட்க வாய் வரும். கலரா, கருப்பு வெள்ளையா என்று கேட்பேன்.

பதினொரு மணிக்கு நர்ஸ் பெண் அட்டையும் பேனாவுமாக வந்தாள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?"

யாரும் இல்லை என்று சொன்னால் ஆபரேஷன் இல்லை. மருந்து வாங்க, ரத்தம் தேவைப்பட்டால் ஓட, வெளியே ஓர் ஆள் இருந்தே ஆகவேண்டும். இருந்த ஆத்திரத்தில் தம்பி சொன்னதையே அவளிடம் வீசினேன்.

"அண்ணாமலை இருக்காரு."

"உங்களுக்கு இன்னா ஆவணும்?"

"எல்லாமே அவர்தான்னு சொல்றாங்க."

அவள் தலை நிமிராமல் 'வீட்டுக்காரர்' என்று எழுதிக்கொண்டு போனாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வீட்டுக்காரர். கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம், வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. நான் உள்ளேயே செத்துப்போனால் அதை வெளியே வந்து யாரிடம் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன். சாவைவிட அதுதான் அசிங்கமாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரை வராந்தாவுக்குத் தள்ளி வந்ததும் நர்ஸ் குரல் கொடுத்தாள். "அண்ணாமலை யாருங்க?"

இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவுக்கு நாலு பேர் திரும்புவார்கள். இங்கே ஒருவர் எழுந்தே வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். காய்ச்சல் என்று மனைவியைப் பக்கத்து வார்டில் சேர்த்திருந்தாராம். கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே வந்திருக்க வேண்டும், நகக்கண்ணெல்லாம் செம்மண். நர்ஸ் என் செருப்பையும் பையையும் அவர் கையில் கொடுத்து, "வாசல்லயே இருங்க, எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தியேட்டர் கதவைத் திறக்கப் போனாள்.

அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது நான் இல்லீங்கம்மா."

"தெரியுங்க. எனக்கு யாரும் வரல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, போய்ட்டு வாங்க. இங்கதான் இருப்பேன்."

எனக்குப் பயம் போய்விட்டது. நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. ஆள் இருக்கிறது என்ற தெம்பு மட்டும் உள்ளே இறங்கியது. அந்த மனிதரோடு அது முடிந்துவிடவில்லை, அவருக்குப் பின்னாலும் யாரோ இருந்தார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்ல வராது. சொல்ல வருகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கையும் கிடையாது.

நினைவு திரும்பியபோது மணி மூன்றரை. திறந்திருந்த கதவு வழியே அவர் தெரிந்தார். என் செருப்பைத் தரையில் போடாமல், பையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை மருந்துக்கு ஓடினாராம், மத்தியானம் சாப்பிடவில்லையாம். நான் கண் திறந்துவிட்டேன் என்று நர்ஸ் சொன்னதும் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டு மனைவியைப் பார்க்கப் போய்விட்டார். மயக்கத்தில் எனக்கு நாக்குப் புரளவில்லை.

தம்பி ஆறு மணிக்கு வந்தான். நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு தூக்கு சாம்பார் சாதம். ஆபரேஷன் ஆகி, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று கிடக்கிறவளுக்கு. அதற்குள் விஷயம் தெரிந்துகொண்டிருந்த நர்ஸ் அவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன் உருகிவிட்டான்.

"நான்தான் சொன்னேனேக்கா. அண்ணாமலையாரே வந்துட்டாரு பாத்தியா."

"ஆமாண்டா, வந்தாரு" என்றேன்.

அவன் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"நீதான் வரல."

கன்னத்துக்குப் போன கை அங்கேயே நின்றது.