முள் ஓடாத ரேடியோ

கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் என் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு என் மகனிடம் கேட்டார்: “அங்கிளுக்கு இதில என்ன கேக்கணுமாம்?”

நான் மகனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கண் மங்கினால் காதும் வாயும் சேர்ந்து போய்விடும் என்று இவர்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ. வங்கியிலும் இதே கதை, மருந்துக் கடையிலும் இதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சிற்றலை கேக்கோணும். கேக்கிறது நான். என்னட்டைக் கேளும்,” என்றேன்.

“ஓம் அங்கிள், ஓம்,” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் மகனிடமே கதைக்கத் தொடங்கினார்.

வெள்ளவத்தை வீட்டில் நான் யாரையும் கூப்பிடாமல் செய்யக்கூடிய காரியம் அந்த ரேடியோ ஒன்றுதான். தேத்தண்ணீருக்கு மருமகள், மருந்துக்கு மகன், வாகனம் ஓயாத பெரிய வீதியைக் கடக்க யாராவது. ரேடியோவுக்கு மட்டும் ஒருவரும் தேவையில்லை. பெரிய குமிழைத் திருகத் திருக இரைச்சல் வரும், அதற்குள்ளிருந்து ஒரு குரல் வரும், விரல் அந்த இடத்தில் நின்றுவிடும். கொஞ்ச நாளாக அதில் கரகரப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மகன் ஒரு புது ரேடியோவை வாங்கிவந்து என் மடியில் வைத்தான். அதில் குமிழே இல்லை. பொத்தான்கள் எல்லாம் தட்டையாக ஒரே மாதிரி. எந்த நிலையம் என்பதைத் திரையில் வாசிக்க வேண்டும். பழையதைக் காட்டிப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது என்று நான் சண்டை பிடித்ததால்தான் கடைக்கு வந்தோம்.

“சுவிட்சில ஊத்தை. கழுவினா சத்தம் வரும், குமிழும் வேலை செய்யும்,” என்று கடைக்காரர் மகனிடம் சொன்னார். “ஆனா ஸ்டேஷன் காட்டுற முள்ளு ஓடாது. நூல் அறுந்துட்டு, இதுக்கு இப்ப சாமான் இல்ல. முள்ளு ஓடாத ரேடியோவத் திருத்தி என்ன செய்ய? புதுசையே வச்சுக்கச் சொல்லுங்க, அவருக்கு லேசு.”

“அதுதான் சரி அப்பா,” என்றான் மகன். “என்ன கேக்கோணும் எண்டு சொல்லுங்கோ, நான் போட்டுத் தாறன்.”

போட்டுத் தருவானாம். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறும்.

“நீ வேலைக்குப் போனாப் பிறகு ஆர் போடுறது? ஒரு செய்தி கேக்கிறதுக்கும் நான் உன்னைக் காத்துக்கொண்டு இருக்கோணுமோ?”

கடையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மகன் குரலைத் தாழ்த்தினான். “முள்ளு ஓடாதாம் அப்பா. எங்க நிக்குது எண்டு எப்பிடிப் பார்ப்பியள்?”

“அந்த முள்ளை நான் கடைசியாப் பார்த்தது எப்ப எண்டு உனக்குத் தெரியுமோ?”

கடைக்காரர் கையிலிருந்த எதையோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அடுத்த கேள்வி நேராக என்னிடம் வந்தது.

“அங்கிள், நீங்க எப்ப வந்து எடுக்கிறீங்க?”