லேபிளில் எழுதாத பாதரசம்

பாதரசம் கலந்த கிறீமைத் தெரிந்தே விற்றேன். தெரியாமல் விற்றேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஊரில் பதினொரு வருடம் இரசாயனம் படிப்பித்தவன்.

வெளிநாடு வந்தபின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவில் கடை வைத்திருந்தேன். முகத்தை வெளுப்பாக்கும் அந்தக் கிறீம் பயணம் போய் வருகிற ஆட்களின் சூட்கேசுகளில் வந்து சேரும். பெட்டியில் ஒரேயொரு எச்சரிக்கை இருந்தது: நகைகளில் படவிடாதீர்கள். பாதரசம் பட்டால் தங்கம் வெளிறும்; அதை வாசித்த அன்றே உள்ளே இருப்பது என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. இந்த நாட்டுச் சட்டப்படி முகப்பூச்சில் பாதரசம் கூடாது. என்னென்ன கலந்திருக்கிறது என்று பெட்டியில் எழுதவும் வேண்டும். நானே கணினியில் ஒரு லேபிள் அடித்தேன். தண்ணீர், கிளிசரின், வாசனை. அதை அந்த எச்சரிக்கைக்கு மேலேயே ஒட்டினேன்.

சனம் சந்தேகப்பட்டது சட்டத்தைத்தான்.

"இப்பிடியான கிறீமைத் தடை செய்தவங்கள் எண்டால் சாமான் நல்லா வேலை செய்யுது, அண்ணை. தங்கட கிறீமை விக்கிறதுக்கு உவங்கள் பாக்கிற வேலை" என்று ஒருவர் இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கிப் போனார். நானும் சிரித்தேன்.

ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் முகமும் கழுத்தும் கறுத்துவிட்டனவென்று என்னிடம் கிறீம் வாங்குகிறவள். தாலிக்கொடியைத் தூக்கிக் காட்டினாள். கழுத்தில் படும் பக்கம் வெளிறியிருந்தது.

"பாத்தீங்களே அங்கிள்? உந்த நகைக்கடைக்காரன் கலப்படத்தைத் தந்திட்டான். அவன்ர கடையில நிண்டு கத்திப்போட்டுத்தான் வாறன்."

"கவனமா இருக்கவேணும், பிள்ளை" என்றேன். அவ்வளவுதான். அவள் இன்னொரு பெட்டி வாங்கினாள். குழந்தை அவள் கழுத்தில் வாய் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

நான்காம் நாள், அதற்கு மேல் பொறுக்க முடியாமல், விசாரித்து அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைப் பாதி திறந்தபடியே கேட்டாள்.

"நகைக்கடைக்காரனோ உங்களை அனுப்பினவன்?"

"இல்லை பிள்ளை. தங்கத்தில பிழையில்லை."

"அப்ப அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை? இண்டைக்குச் சொல்லுறதுதான் உண்மை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன சோதனை தேவை என்று டொக்டருக்கு எழுதிய தாளை நீட்டினேன். என் தொலைபேசி இலக்கமும் அதில் இருந்தது. அவள் வாங்கவில்லை. வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றே அரசாங்கத்துக்கு என்மேல் நானே முறைப்பாடு செய்தேன். அலுவலர்கள் வந்து பெட்டிகளை அள்ளிப் போனார்கள். நகைக்கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உதில உமக்கென்ன லாபம்?"

மூன்று வாரம் கழித்து அவள் அழைத்தாள்.

"என்ர உடம்பில இருக்காம். பிள்ளைக்கு இப்போதைக்கு ஒண்டும் இல்லையாம். ஆனா திருப்பித் திருப்பிப் பாக்கவேணுமாம்."

"கடவுளே" என்றேன்.

"கடவுளைக் கூப்பிடாதேங்கோ. வேற ஆருக்கெல்லாம் வித்தனீங்கள்? பேரைச் சொல்லுங்கோ. நான் போய்ச் சொல்லுறன். நீங்கள் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்."

ஒன்பது பேரின் பெயர்களைச் சொன்னேன். மற்றவர்களின் முகம்தான் ஞாபகம் வந்தது.